ஸஹாப்தீன் காய்ச்சிய பசை

தோலை முதலில் மூக்கில் வைப்பார் ஸஹாப்தீன். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மயிர்க்கண்களைப் பார்ப்பார். வெள்ளாட்டுத் தோலில் அவை வளைந்து வளைந்து போகும். மாட்டுத் தோலில் பொடிப்பொடியாய் நெருங்கி நிற்கும். மூன்று மூன்றாகக் கூடி நின்றால், அது அவர் மார்க்கத்துக்கு ஆகாத பிராணி, பெயரை வாயால் சொல்லமாட்டார். கடதாசித் துண்டால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது நமக்குச் சரிவராது மனே, கோவிச்சுக்காதீங்க." கொண்டு வந்தவன் வெள்ளைக்காரக் கப்பற்காரனாக இருந்தாலும் இதே தமிழ்தான். அவனும் ஏதோ புரிந்தவன்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

கடை திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருக்கிறது. கடை என்று சொன்னால் அதற்கே கூச்சமாக இருக்கும். ஒரு கதவு, ஒரு அலுமாரி, வருகிறவர் உட்கார ஒரு கதிரை, ஸஹாப்தீனுக்குப் பாய். தொழில் புத்தகம் கட்டுவது. பள்ளிவாசல் கிதாபுகளும் கோயில் தேவாரப் புத்தகங்களும் அவரிடம் ஒரே பலகைக்குள் அழுந்திக் கிடக்கும். எதையும் வாசித்துப் பார்க்கமாட்டார். "எது மேல், எது கீழ், எந்தப் பக்கத்தால திறக்கிற? இவ்வளவும் சொன்னாப் போதும்" என்பார். தோலைச் சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். நாக்கு நுனி கடைவாயில் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் கவர்ன்மென்ட் ஏஜண்ட் வந்து நின்றாலும் கத்தி தோலின் ஓரத்துக்கு வந்து சேரும்வரை பதில் வராது. கிதாபுக்கு வெட்டிய தோலில் மிஞ்சிய துண்டு ஒருபோதும் செருப்பு வாருக்குப் போகாது. அதை அவர் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, விளக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

துறைமுகத்தில் இந்த யுத்த காலத்தில் என்னென்ன நிற்கின்றன என்று எழுதத் தடை. தடை இல்லாவிட்டாலும் எழுதுவதற்கில்லை, ஏனென்றால் ஸஹாப்தீன் அந்தப் பக்கம் தலை திருப்பிப் பார்த்தவர் அல்ல. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. அவரும் மனைவி றுக்கியாவோடு கிண்ணியாவுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பியும் வந்துவிட்டார். உயிருக்குப் பயமில்லையா என்று கேட்டவர்களுக்குச் சொன்ன காரணம் இதுதான்: "அழுத்துப் பலகைக்குள்ள நாலு கிதாபு வெச்சிட்டுப் போயிட்டன். ஆரும் திருகி இறுக்காட்டி வளைஞ்சு போகுமே."

அவரிடம் கமலேஸ்வரி கமராவைக் கொண்டு வந்தது இந்த வருடத் தொடக்கத்தில். கமலேஸ்வரி, படம் பிடிக்கிற தம்பிராசாவின் மனைவி. தம்பிராசாவுக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டுந்தான் தெரியும். அதனால் வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆட்களை நிறுத்திப் படம் பிடிப்பதும் அச்சிடுவதும் கமலேஸ்வரி. பிலிமைக் கழுவுவது தம்பிராசா. இருட்டறைக்குள் போனால் கண்ணுள்ளவனும் தடவித்தானே ஆகவேண்டும், அங்கே அவர் யாருக்கும் இளைத்தவர் அல்ல. மனிதர் அந்த அறைக்குள் போகும்போது மட்டும் கைத்தடியை வெளியே வைத்துவிட்டுப் போவார்.

குண்டு விழுந்த பிறகு துறைமுக வட்டாரத்தில் கமரா வைத்திருக்க அனுமதி வேண்டும் என்று வந்தது. ஊரில் இருந்தவை ஒவ்வொன்றாகப் பொலிசுக்குப் போயின. தம்பிராசாவின் இந்த ஒன்று மட்டும் தப்பியது, துறைமுக டொக்யார்டில் வேலை செய்கிறவர்களின் நுழைவுப் பாஸ்களுக்குப் படம் வேண்டுமே. அனுமதி ஆளுக்கு அல்ல, அந்தப் பெட்டிக்கு. அது போனால் வேறொன்று வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. துருத்தி மாதிரி இழுத்து மடக்குகிற பெட்டி, இருபது வருடப் பழசு, ஜெர்மன்காரன் செய்தது. ஜெர்மன்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டே இங்கிலீஷ்காரன் அவனுடைய பெட்டியால் படம் பிடித்துப் பாஸ் கொடுக்கிறான். இதையெல்லாம் யோசிக்கத் தொடங்கினால் யுத்தம் நடக்காது.

உப்புக் காற்றிலும் கைவியர்வையிலும் பெட்டியின் தோல் வெடித்து, ஓரம் ஓரமாய் உரிந்து, ஆணி அடித்த துளைகள் வெளியே தெரிந்தன. கமராவுக்குத் தோல் அழகுக்கு மட்டும் அல்ல. அந்தத் துளைகளால் வெளிச்சம் உள்ளே புகாமல் மூடியிருப்பதும் அதுதான்.

"நானா, இதுக்குத் தோல் போட ஏலுமோ?" என்று கேட்டாள் கமலேஸ்வரி.

"புத்தகத்துக்குப் போடுறன், கத்தி உறைக்கும் போட்டிரிக்கன். இதுக்கு மட்டும் ஏலாதெண்டு ஆரு சொன்ன?"

"இல்லை, உருவப்படம் பிடிக்கிற சாமான். உங்கட ஆக்கள் ஏதும் கதைப்பினமோ எண்டு யோசிச்சனான்."

"நான் பெட்டிக்குச் சட்டை போடுறன் புள்ள. பெட்டி என்னத்தப் பாக்கிதெண்டு நான் ஏன் கேக்கப்போறன்?"

பழைய தோலை ஈரத்துணி போட்டு ஊறவைத்து, கிழியாமல் முழுசாக உரித்தெடுத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார், வெள்ளாடு. அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு பெருமூச்சு விட்டு, அதையே அளவாக வைத்துக் கடதாசியில் வரைந்துகொண்டார். நல்ல தோலையெல்லாம் பட்டாளம் வாங்கிக்கொண்டு போகிற காலம் இது. கட்டைபறிச்சானில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, ஆட்டுக்குட்டித் தோல் ஒன்று மூதூர் வள்ளத்தில் வந்து சேரும்வரை காத்திருந்தார். வந்ததை வெற்றிலைக் கனத்துக்குச் சீவினார். கடுக்காய்ச் சாற்றில் இரும்புத் துருவைப் போட்டுக் கறுப்பேற்றினார். பெட்டியைக் கையில் எடுத்தால் பஞ்சாய் லேசாக இருந்தது. மேலே கறுப்பு மை பூசியிருந்தது. தகரம் என்று நினைத்துக்கொண்டார். "தகரத்தக் கூட இவ்வளவு லேசா அடிச்சிரிக்கானே" என்று ஜெர்மன்காரனை மெச்சினார்.

பசை விஷயத்தில் அவருக்குத் தனிக் கொள்கை உண்டு. கடை வச்சிரத்தைத் தொடமாட்டார். அது எலும்பிலும் தோலிலும் காய்ச்சுகிற பிசின், எந்தப் பிராணியின் எலும்பு என்று விற்கிறவனுக்கே தெரியாது. ஆகவே கோதுமை மாப் பசை. வெறும் மாப் பசை என்றால் கரப்பானுக்குக் கலியாணச் சாப்பாடு. அதனால் கொதிக்கும்போதே மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவார். நீலக் கல்லுப் போல இருக்கிற நல்ல நஞ்சு அது. "என்ட பசையக் கரப்பான் மோந்து பாத்துட்டு ஸலாம் சொல்லிட்டுப் போயிடும்" என்பது அவருடைய பழைய பெருமை. விரல்களின் நகக்கண்ணில் அந்த நீலம் ஊறிப்போய் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் றுக்கியா புளியும் சாம்பலும் கொடுத்துக் கிணற்றடிக்குத் துரத்துவாள். நீலம் கொஞ்சம் மங்குமே தவிரப் போகாது.

அந்தப் பசையைத்தான் கமராவுக்கும் பூசினார். கொம்புத் துண்டால் ஓரங்களைத் தேய்த்துத் தேய்த்து, மூடி திறக்கிற இடத்திலும் கொளுக்கி இருக்கிற இடத்திலும் மயிரிழை பிசகாமல் வெட்டி ஒட்டினார். தன் வேலையைத் தானே புகழ்வதில் ஸஹாப்தீனுக்கு வெட்கம் கிடையாது. "போட்ட தோல் மாதிரியா இரிக்கி? பிறந்த தோல் மாதிரி இரிக்கி" என்று எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். எதிர்க்கடைக்காரர் ஒத்துக்கொண்டார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

சில கிழமைகள் நல்லபடியாகப் போயின. அதற்குப் பிறகு பாஸ் படங்களில் ஒரு பொட்டு வரத் தொடங்கியது. படத்தில் இருக்கிறவன் யாராக இருந்தாலும் நெற்றியில், ஏறக்குறைய ஒரே இடத்தில், வெள்ளையாய் ஒரு வட்டம். கப்பல்துறைக் கதிரவேலுக்கும் பொட்டு, கிண்ணியா முஹம்மது தம்பிக்கும் பொட்டு. "கமலேஸ்வரி அக்கா எல்லாரையும் சைவமாக்கிப் போட்டா" என்று டொக்யார்டில் சிரித்தார்கள். ஆனால் வாசலில் நிற்கிற காவல்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தில் இல்லாத அடையாளம் படத்தில் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். படங்கள் கட்டாகத் திரும்பி வந்தன. அடுத்த தொகுதியிலும் பொட்டு வந்தால் அனுமதி இல்லை, கமராவைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று பாஸ் கொடுக்கிற கந்தோரில் சொல்லிவிட்டார்கள்.

பிலிம் பழசு என்றார்கள் பலர். யுத்த காலத்தில் பழியைப் போட இடத்துக்கா பஞ்சம். தம்பிராசா மட்டும் பிலிமைக் குற்றம் சொல்லவில்லை. கழுவும்போது தன் விரல்தான் எங்கோ பட்டிருக்கிறது, கண்தான் போயிற்று என்றால் கையும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். இருட்டறைப் பக்கம் போவதை நிறுத்தினார். கைத்தடி இப்போது எந்நேரமும் அவர் மடியில் கிடந்தது.

இதையெல்லாம் கமலேஸ்வரி ஸஹாப்தீனிடம் குறையாகச் சொல்ல வரவில்லை. கமராவின் ஒரு மூலையில் தோல் கிளம்பியிருந்தது. அதை ஒட்டிக்கொண்டு போகத்தான் வந்தாள். ஒட்டும்வரை சும்மா இருக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். ஸஹாப்தீன் கேட்டுக்கொண்டே தோலின் மேல் பெருவிரலை ஓட்டினார். தோலுக்குக் கீழே பாசிப்பயறு போட்டதுபோல அங்கங்கே கட்டி கட்டியாய்த் தட்டுப்பட்டது. அவர் விரல் நின்றது.

"இரிக்கட்டும் புள்ள. பின்னேரம் நானே கொண்டு வந்து தாறன்" என்றார்.

பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது அதைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். றுக்கியா பாய் விரிப்பதற்காக அதை எடுத்து ஓரமாய் வைத்தாள்.

"என்ன இது, பாரமே இல்ல. நம்மட அந்தச் சட்டி மாதிரி இரிக்கி" என்றாள்.

அந்தச் சட்டி என்றால் அந்த வீட்டில் ஒரே சட்டிதான். றுக்கியா ஆசையாய் வாங்கிய அலுமினியச் சட்டி. ஒருநாள் மண்சட்டி உடைந்திருந்த நேரம் ஸஹாப்தீன் அதில் பசை காய்ச்சி, மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டார். மயில்துத்தம் அலுமினியத்தைத் தின்று, அடியெல்லாம் அம்மைத் தழும்பாகி, தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. சண்டை ஓய்ந்து நெடுநாளாகிவிட்டாலும் சட்டியைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. ஸஹாப்தீன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கிளம்பியிருந்த மூலையைக் கத்தி நுனியால் நீக்கினார். கறுப்பு மை பொரிந்து, அதன் கீழே உப்புப் போல வெள்ளைப் பொடி. பொடிக்குள் பச்சையும் நீலமும். ஆணித் துளையைச் சுற்றித் தோல் தூக்கி நின்றது. அந்த வழியாகத்தான் வெளிச்சம் போயிருக்கிறது, ஊரார் நெற்றியெல்லாம் பொட்டு வைத்திருக்கிறது.

தெரியாமல் செய்த பிழை என்றால் மனம் கொஞ்சம் ஆறும். இது தெரிந்த விஷயம். சட்டியைத் தின்னும் என்று தெரிந்தவர், அலுமினியப் பெட்டியைத் தகரம் என்று எண்ணி ஏமாந்து, அதே பசையைப் பூசியிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லலாம்தான். சறுக்கியது யானை, நசுங்கியது தம்பிராசா.

சும்மா இருக்கவும் வழி இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி வேறு பசையால் ஒட்டிக் கொடுத்துவிட்டால் பொட்டு நின்றுவிடும். புதுப் பிலிம் வந்தது, பொட்டு போயிற்று என்று ஊர் சொல்லிக்கொள்ளும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கிடந்தது கிடந்தபடியே போகும். ஸஹாப்தீன் அதை யோசித்துப் பார்க்காமல் இல்லை. தன் பசையைப் பற்றி இவ்வளவு காலம் பெருமை அடித்த வாயால், அது ஒரு பெட்டியைத் தின்றுவிட்டது என்று சொல்வது லேசான காரியமா? வெட்கம் அவரைப் பிடுங்கியது. பின்னேர அஸர் தொழுகையில் எத்தனையாவது றக்அத் என்று கணக்குத் தடுமாறினார். தொழுது முடித்ததும் கமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு நேரே தம்பிராசா வீட்டுக்குப் போனார்.

வாசலில் நின்றபடியே சொன்னார். "தம்பி, பிலிமில பிழையில்ல. உங்கட கையிலயும் பிழையில்ல. என்ட பசைதான். துத்தம் போட்ட பசை. பெட்டியத் தின்டிட்டுது."

தம்பிராசா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு கையை நீட்டினார். ஸஹாப்தீன் கமராவைக் கொடுத்தார். அவர் அதை மடியில் வைத்து, தோலின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டினார். கட்டிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"உண்மையோ நானா? எனக்காகச் சொல்லேல்லைத்தானே?"

"எனக்குப் பொய் சொல்ல விருப்பமிருந்தா இஞ்ச வந்திருக்கமாட்டன் தம்பி."

தம்பிராசாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "அப்ப என்ர விரல் பிழைக்கேல்லை" என்று மனைவி இருந்த பக்கம் திரும்பிச் சொன்னார். மடியிலிருந்த கைத்தடி கீழே விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை.

கமலேஸ்வரிக்கு அவ்வளவு சீக்கிரம் மனம் ஆறவில்லை. கோபத்தில் அவள் சத்தம் போடுகிறவள் அல்ல. கணவன் மடியிலிருந்த கமராவை எடுத்துத் தன் மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இவர் இவ்வளவு நாளும் ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிடேல்லை நானா. இனிமேல் இது வீட்டை விட்டு வெளியில போகாது. செய்யிறதெண்டால் இஞ்ச வந்து, என்ர கண்ணுக்கு முன்னால செய்யுங்கோ."

"வாறன் புள்ள" என்றார் ஸஹாப்தீன்.

மறுநாள் காலை கத்தியும், சீவி வைத்திருந்த மிச்சத் தோலும், கொம்புத் துண்டும் எடுத்துக்கொண்டு வந்தார். பசைச் சட்டியைக் கொண்டுவரவில்லை. தோலை உரித்தார். மூங்கில் சிராயால் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, மழைத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து வெயிலில் வைத்தார். அவர் துடைத்த ஒவ்வொரு துணியையும் கமலேஸ்வரி வாங்கிப் பார்த்தாள். நீலம் தெரியாத துணி வரும்வரை துடைக்கவைத்தாள். தம்பிராசா தன்னிடமிருந்த கறுப்பு வார்னிஷைக் கொடுத்தார். தின்றுபோன இடங்களை அதனால் அடைத்துக் காயவிட்டார்கள். பழைய வேலையின் அழகைப் பற்றி ஸஹாப்தீன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பெருமை அடிக்காமல் வேலை செய்தது அன்று மட்டுந்தான் என்று பிற்பாடு தம்பிராசா சொன்னார்.

பாஸ் கந்தோருக்குப் படம் எடுக்கவேண்டிய ஆட்கள் அதற்கு அடுத்த நாள் வரவிருந்தார்கள். கமலேஸ்வரி குசினிக்குள் போய், கூப்பனுக்கு வாங்கி ரொட்டிக்கென்று வைத்திருந்த மாவில் ஒரு கைப்பிடி எடுத்து வந்தாள். தன்னுடைய மண்சட்டியையே அடுப்பில் வைத்தாள். ஸஹாப்தீன் குந்தியிருந்து மாவைக் கரைத்து, கட்டி விழாமல் விரலால் பிசைந்து, கொதிக்க வைத்து இறக்கினார்.

"துத்தம் இல்லாட்டிக் கரப்பான் தின்னுமே நானா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் தம்பிராசா.

"தின்னாமப் பாக்கிறது என்ட வேலை. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிய வந்து ஓரம் ஓரமாப் பாத்திட்டுப் போறன் தம்பி."

பசை ஆறியது. வெள்ளையாய், வழவழப்பாய் இருந்தது. தோல் வெட்டித் தயாராய்ப் பாயில் கிடந்தது. ஒட்டவேண்டியதுதான் பாக்கி. கமலேஸ்வரி காய்ந்த கமராவை எடுத்து மறுபடி தன் மடியில் வைத்துக்கொண்டாள், கொடுக்கவில்லை. அவள் பசையையும் பார்க்கவில்லை. மாவைப் பிசைந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்களில் நீலம் அப்படியே இருந்தது.

"நானா, கோவிக்காதேங்கோ. உங்கட விரலில இருக்கிற அந்த நஞ்சு இதுக்குள்ள கரைஞ்சிருக்காதோ?"

ஸஹாப்தீன் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். கோவிக்கவில்லை. அந்தச் சுட்டுவிரலாலேயே சட்டியிலிருந்து பசையை நிறைய வழித்தெடுத்து வாய்க்குள் வைத்து, அவள் பார்க்கும்படி விழுங்கினார். பிறகு விரலை நகக்கண் வரைக்கும் சப்பித் துடைத்துவிட்டு, கமராவுக்காக மற்றக் கையை நீட்டினார்.